மூன்று விரல் காட்டினால் மூன்று மாத்திரையா, மூன்று வேளையா?

தென்னாப்பிரிக்காவில் மினிபஸ் டாக்சி பிடிக்க வாயைத் திறக்க வேண்டியதில்லை. எங்கே போக வேண்டுமோ அதற்கு ஒரு கைக்குறி உண்டு. சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் டவுனுக்கு. கீழே காட்டினால் இங்கேதான், பக்கத்தில். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஆரஞ்சு ஃபார்ம் என்ற ஊருக்குப் போகிறவர்கள், உள்ளங்கையில் பழம் இருப்பதுபோல விரல்களைக் குவித்துக் காட்டுவார்கள். சூசன் வுல்ஃப் என்ற ஓவியர் இந்தக் குறிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 2010-ல் இங்குள்ள தபால் துறை அவற்றைத் தபால்தலையாகவே போட்டது. பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் அவர் தனி வடிவங்களை உருவாக்கினார். கல்யாணமாகி பாளையங்கோட்டையிலிருந்து டர்பன் வந்த புதிதில், ஜூலு ஒரு வார்த்தை தெரியாமல் நான் கடைவீதி போய்த் திரும்பியதெல்லாம் இந்த விரல் தயவில்தான்.

தைப்பூசத்தன்று டர்பனின் க்ளேர்வுட் கோயிலில் இன்னொரு வகையைப் பார்க்கலாம். காவடி எடுப்பவர் நாக்கில் வேல் குத்தியிருக்கும், பேச முடியாது. கூட நடப்பவர்கள் அவர் கண்ணைப் பார்த்தே எல்லாம் செய்துவிடுவார்கள். தோளை லேசாக அசைத்தால் காவடி ஒரு பக்கம் இழுக்கிறது என்று பொருள். கண்ணை இறுக்கி மூடினால் வெயில். நின்றுவிட்டால் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு ஓடுவார்கள். என் கணவரின் சித்தப்பா மகன் காவடி எடுத்தபோது, மாமியார் அவர் முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு "தாகமாயிருக்கு பிள்ளைக்கு" என்றார். சரியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சைகைதானே, யாராலும் முடியும், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். காது கேளாதவர் ஒருவர் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோயில் அலுவலகத்துக்கோ வந்தால், இந்த நம்பிக்கையில்தான் பலரும் கையை ஆட்டத் தொடங்குகிறார்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்ன மருந்துக்கடையில் உதவியாளராக நிற்கிறவள் நான். இந்த நம்பிக்கை எந்த இடம்வரை செல்லும், எந்த இடத்தில் ஆபத்தாகும் என்று அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

டாக்சிக்காரருக்கும் பயணிக்கும் நடுவில் இருப்பது ஒரே கேள்வி: எங்கே? அதற்கு எத்தனை பதில் உண்டு என்பது இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். காவடியிலும் அப்படித்தான். தண்ணீரா, நிழலா, தோள் வலியா, அவ்வளவுதான். விரலோ கண்ணோ அந்தப் பதில்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறது. மருந்து விஷயத்தில் பதில்கள் கவுண்டருக்கு உள்ளே நிற்பவர் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. வெளியே நிற்பவருக்கு அவை தெரியாது; அதனால்தான் அவர் வந்தே இருக்கிறார்.

அமாக்சிசிலின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு ஒரு கேப்சூல், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள், நடுவில் சுகமாகிவிட்டாலும் நிறுத்தக் கூடாது. இதைக் கையால் நடித்துப் பாருங்கள். மூன்று விரலைக் காட்டுவீர்கள். எதிரில் இருப்பவர் மூன்று கேப்சூலை ஒன்றாக விழுங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் அது அவர் தவறா? "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று காட்ட வாயருகே கையைக் கொண்டுபோய் மெல்வதுபோல் செய்தால், மாத்திரையை மென்று தின்னச் சொல்கிறீர்கள் என்றும் தோன்றலாம். "காய்ச்சல் இருந்தால் மட்டும்" என்பதை எப்படி நடிப்பது? மருந்துச்சீட்டின் உயிரே இந்தச் சின்னச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது: இருந்தால், மட்டும், வரை, கூடாது, முன்பு, பிறகு. பெயர்ச்சொல்லை நடித்துவிடலாம், வினையையும் நடித்துவிடலாம். "இருந்தால்" என்பதை நடிக்க முடியாது. அதற்கு இலக்கணம் வேண்டும்.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஓர் அக்கா பிறவியிலேயே காது கேளாதவர். கணவரும் அப்படியே. மகளுக்குக் காது கேட்கும், எட்டு வயதுப் பெண். ஒருநாள் மாலை மருந்துச்சீட்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் க்ளோட்ரைமசோல். பார்க்க மாத்திரைபோலவே இருக்கும், ஆனால் விழுங்குவது அல்ல. பெண்கள் பிறப்புறுப்புக்குள் வைப்பது. மகள் என்னைப் பார்த்து, "ஆண்ட்டி, சொல்லுங்க, நான் அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள். எட்டு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்ல? சொன்னாலும் அவள் வெட்கப்பட்டு "ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் கையால் சொல்லியிருப்பாள். அக்காவும் வீட்டுக்குப் போய்த் தண்ணீரோடு விழுங்கியிருப்பார்.

கடையின் ஃபார்மசிஸ்ட், வயதான பெண்மணி, அனுபவசாலி. குழந்தையைச் சாக்லேட் அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, அக்காவை உள்ளே இருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்ப் படம் வரைந்து காட்டினார். வாயை வரைந்து அதன்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டார். அக்காவுக்குப் புரிந்தது, சிரித்தேவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு: பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைப்பதில்லை. விலை சொல்ல, கடை எப்போது திறக்கும் என்று சொல்ல, சரி. உடம்பைப் பற்றிய எதற்கும் கூடாது. அம்மாவின் நோயைப் பிள்ளை சுமக்க நேர்கிறது என்பது ஒன்று. பிள்ளைக்குப் புரியாததைப் பிள்ளை விட்டுவிடும் என்பது இன்னொன்று.

அதன்பிறகு கூட்டமில்லாத பிற்பகல்களில் அந்த அக்காவே எனக்குச் சைகை மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பிறகு காது கேளாத ஆசிரியர் ஒருவர் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கும் போனேன். அங்கே வாசலிலேயே குரலை விட்டுவிட்டு வர வேண்டும். உள்ளே யாரும் பேசக் கூடாது.

பாளையங்கோட்டைக்காரி என்பதால் எனக்கு இது முழுக்கப் புதிது இல்லை. எங்கள் ஊரில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி நூறாண்டைக் கடந்த பள்ளி. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் கைகளால் அடிக்கும் அரட்டையைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆங்கில எழுத்துகளை அவர்கள் விரலில் காட்டுவது எனக்கு அரைகுறையாகத் தெரியும். டர்பனில் அது செல்லுபடியாகவில்லை. இந்தியாவில் எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும், பிரிட்டனில் இருப்பதுபோல. தென்னாப்பிரிக்காவில் ஒரு கை. நான் இரண்டு கையையும் தூக்கியபோது அக்கா என் இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். உலகம் முழுவதும் சைகை மொழி ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்படி இல்லை. பல நாடுகளில் தனித்தனியாக வளர்ந்தவை அவை.

முதலில் கையைப் பழக வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வகுப்புக்கு வருகிறார்கள். ஆசிரியர் முகத்திலிருந்து தொடங்கினார். ஆம், இல்லை என்று பதில் வேண்டிய கேள்விக்குப் புருவம் மேலே போக வேண்டும். எங்கே, எப்போது, ஏன் என்றால் புருவம் சுருங்க வேண்டும். "இருந்தால்" என்பதற்கும் புருவம்தான். உயர்த்தி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு மீதி வாக்கியம். நடித்துக் காட்டவே முடியாது என்று நான் சொன்ன அந்தச் சொல் இங்கே நெற்றியில் இருந்தது! காலத்துக்கு உடம்பே அளவுகோல். நேற்று தோளுக்குப் பின்னால், நாளை முன்னால். ஆளையோ பொருளையோ காற்றில் ஓரிடத்தில் ஒருமுறை வைத்துவிட்டால், பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே போதும். "நீலப் பெட்டி இங்கே, வெள்ளைப் பெட்டி அங்கே, இங்கே உள்ளது காலையில், அங்கே உள்ளது ராத்திரியில்" என்று சொல்ல, நான் வாயால் சொல்லும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகிறது.

தலையாட்டலில் வேறொரு சிக்கல். திருநெல்வேலிக்காரர்கள் "சரி சரி" என்று பக்கவாட்டில் ஆட்டுவோமே, அந்த ஆட்டு ஆட்டினால் இங்கே வாக்கியமே தலைகீழாகிவிடும். சைகை மொழியில் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது எதிர்மறை. "இந்த மருந்து நல்லது" என்று கை சொல்ல, தலை "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும். டர்பனில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழர்களுக்கு அந்த ஆட்டம் அவ்வளவாக இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான். வகுப்பில் ஆசிரியர் என் கன்னம் இரண்டையும் பிடித்துத் தலையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்.

சைகை மொழியில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு குறி உண்டு. அந்தப் பெயர்க்குறி நாமே வைத்துக்கொள்வது அல்ல, காது கேளாதவர்கள் பார்த்து வைப்பது. எனக்கு மூக்குத்தியைத் தொடும் ஒரு குறி வந்தது. சந்தோஷம்தான். அதே வகுப்பில் ஒருவருக்கு வழுக்கையை வைத்துப் பெயர் வந்தது. அதில் கேலி ஏதும் இல்லை, கண்ணில் முதலில் படுவது எதுவோ அது.

2013 டிசம்பர் 10 ஞாபகமிருக்கிறதா? நெல்சன் மண்டேலாவின் நினைவு நிகழ்ச்சி, ஜோகன்னஸ்பர்க் மைதானத்தில். ஒபாமா பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளர் என்று நின்று கையை அசைத்தார். உலகமே பார்த்தது. காது கேட்கிறவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காது கேளாதவர்கள்தான் அதில் அர்த்தமே இல்லை என்று கொதித்தார்கள். பலர் அதை ஒரு மோசடிக் கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. கை அசைந்தாலே மொழி என்று நம்புவது எங்கள் கவுண்டரிலும் தினமும் நடக்கிறது, கேமரா இல்லை, அவ்வளவுதான்.

இந்த நாட்டில் ஒரே சொல்லுக்குப் பல குறிகள் இருப்பதற்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. இனவெறி ஆட்சி பள்ளிகளைத் தோல் நிறப்படி பிரித்தபோது காது கேளாதோர் பள்ளிகளையும் விடவில்லை. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளில் வாய்ப்பேச்சுப் பயிற்சிக்கே முதலிடம், கையை அடக்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் கைக்கு இடம் கிடைத்தது. அக்கறையால் அல்ல, அலட்சியத்தால். டர்பனில் இந்தியப் பிள்ளைகள் போனது வி. என். நாயக் பள்ளிக்கு. ஒவ்வொரு பள்ளியின் விடுதியிலும் ஒவ்வொரு சொல் பிறந்தது. அதனால் எங்கள் அக்கா காட்டும் குறி ஒன்று, டர்பன் பக்கத்து க்வாமாஷுவிலிருந்து வரும் ஜூலு இளைஞர் காட்டுவது இன்னொன்றாக இருக்கும். இலக்கணம் பொதுவாக இருப்பதால் சமாளித்துக்கொள்கிறார்கள். நானும் இரண்டு குறியையும் காட்டிக் கேட்டுவிடுவேன்.

2015 முதல் இந்தச் சைகை மொழி பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாக வந்தது. 2018-ல் முதன்முறையாகப் பள்ளி இறுதித்தேர்வில் எழுதினார்கள். 2023 ஜூலை 19 அன்று ஜனாதிபதி ரமபோசா கையெழுத்திட, தென்னாப்பிரிக்க சைகை மொழி நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழி ஆனது. இதில் தமிழர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் தமிழின் பெயரும் இருக்கிறது, குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு. அந்த மொழிகளுக்கு மதிப்புக் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். சைகை மொழியும் அதே பிரிவில்தான் இருந்தது, ஆனால் வளர்க்க வேண்டிய மொழிகள் வரிசையில். இப்போது ஆட்சிமொழிப் பட்டியலுக்கே ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு "ஆயா", "தாத்தா", "சாமி" தவிரத் தமிழ் வராது. காது கேளாதவர்கள் விடாமல் கேட்டு வாங்கியதைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

சட்டத்தில் ஏறினாலும் கவுண்டருக்கு உடனே மொழிபெயர்ப்பாளர் வந்து நிற்கப்போவதில்லை. அதுவரை, மொழி தெரியாதவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். காது கேளாதவர் எல்லோரும் சைகை மொழிக்காரர்கள் அல்ல. இங்கே வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பல ஆண்டுகள் கானமைசின் போன்ற ஊசிகளைப் போட்டார்கள். அவை பலரின் செவியைப் பறித்துவிட்டன. 2018-ல் அந்த ஊசிகளுக்குப் பதில் பெடாக்விலின் மாத்திரை என்று அரசு மாற்றியது. அதற்கு முன் செவியை இழந்தவர்கள் நாற்பது வயது, ஐம்பது வயதில் இழந்தவர்கள். அவர்களுக்கு ஒரு குறிகூடத் தெரியாது, ஆனால் எழுதினால் நன்றாகப் படிப்பார்கள். அவர்களிடம் போய்க் கையை ஆட்டினால் எரிச்சல்தான் வரும். பிறவியிலிருந்து கேளாதவருக்கு நிலைமை நேரெதிர். கைமொழிதான் தாய்மொழி, ஆங்கிலம் பள்ளியில் படித்த அயல்மொழி. லேபிளில் நீளமாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சின்ன வரிகள், ஒரு வரிக்கு ஒரு செய்தி. தாளையும் பேனாவையும் நீட்டினாலே எழுத்தா, கையா, எது வேண்டும் என்பதை அவரே காட்டிவிடுவார்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். பாடம், மாடம் இரண்டையும் சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். பல்லி, பள்ளி வித்தியாசம் நாக்குக்குள்ளேயே போய்விடும். ஆங்கிலத்தில் மாத்திரையும் (pill) ரசீதும் (bill) உதட்டில் ஒன்றுதான். தமிழில் எழுதினாலும் இரண்டும் "பில்" என்றே வந்து தொலைக்கும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் மருந்தின் அளவில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்களை எப்போதும் எழுதியே காட்டுங்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, பாதியாவது பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவும் போயிற்று. புருவம் மட்டும் மிஞ்சியது.

கூப்பிடுவதற்கு முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவதில் பயனில்லை. பார்வைக்குள் கையை அசைக்கலாம், தோளை மெதுவாகத் தொடலாம், அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீச்சலில் வெள்ளி வென்ற டெரன்ஸ் பார்க்கின், தொடக்க ஒலி கேட்காமல் விளக்கு மின்னுவதைப் பார்த்துத்தான் குதித்தார். எங்கள் கடையில் வரிசை எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவதோடு பலகையிலும் எழுதுகிறோம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், முகம் இல்லையென்றால் பாதி மொழி இல்லை.

மாத்திரைப் பெட்டியில் சூரியன், நடுப்பகல், நிலா என்று மூன்று படம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் விழுங்க வேண்டிய எண்ணிக்கைக்கு ஏற்ற வட்டம் போடுகிறோம். மூன்று விரல் குழப்பம் இதில் வராது. தட்டு படத்துக்கு இந்தப் பக்கம் வட்டம் போட்டால் சாப்பாட்டுக்கு முன், அந்தப் பக்கம் போட்டால் பின். "ஐந்து நாளும் முடிக்க வேண்டும்" என்பதற்குக் காலண்டர் தாளைக் கிழித்து நாட்களைச் சுழித்துக் கொடுப்பேன்.

இதைவிட முக்கியம், "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு அவர் தலையாட்டியதும் அனுப்பிவிடாமல் இருப்பது. பின்னால் வரிசை நிற்கும்போது யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள், காது கேட்கிற ஆயாக்களும் அப்படியே. அதனால் பெட்டியை அவர் கையில் கொடுத்து, எப்போது எத்தனை என்று திருப்பிக் காட்டச் சொல்கிறேன். தவறு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் யாராவது கூட வந்திருந்தால் அவரைப் பார்த்து "அவங்ககிட்ட சொல்லுங்க" என்று பேசாதீர்கள். நோயாளியைப் பார்த்தே பேசுங்கள், மொழிபெயர்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது அந்த அக்கா சந்தேகம் வந்தால் வாட்ஸ்ஆப்பில் வீடியோ அழைப்பே போட்டுவிடுகிறார். அப்படி யாராவது அழைத்தால் போனைக் கையில் பிடிக்காமல் ஏதாவது டப்பாவில் சாய்த்து வையுங்கள், இடுப்புவரை தெரிகிற தூரத்தில். முகத்தை மட்டும் காட்டினால் கை படத்துக்கு வெளியே போய்விடும். அவர் "கொஞ்சம் தள்ளி உட்கார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க, டேட்டாதான் தீரும்.